டிஸ்க் நழுவுவதில்லை, சார்!

'டிஸ்க் நழுவிடுச்சாம்' என்று யாராவது சொன்னால் எனக்கு கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் எதுவும் நழுவுவதில்லை. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிற சமாசாரம் அது. ஓரத்தில் நார் வளையம், நடுவில் ஜெல்லி. வளையம் கிழிந்தால், அழுத்தின க்ரீம் பிஸ்கட் மாதிரி ஜெல்லி வெளியே பிதுங்கும். பக்கத்தில் நரம்பு. அதை அழுத்தும். காலில் மின்னல்!

1934-ல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் இதை எழுதியதிலிருந்து எல்லோரும் 'அழுத்துது, அதனால வலிக்குது' என்றே நம்பி வந்தோம். பிளம்பர் லாஜிக்.

இடிக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நரம்பு அழுந்துகிறது. கால் மரத்துப்போகிறதே தவிர, யாரும் 'ஐயோ' என்று அலறுவதில்லை. தவிர, 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது! ஆசாமிகள் ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்து சீட் நண்பர் போன மாதம் ஸ்கேன் ரிப்போர்ட்டை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பைக்கை வித்துடவா சார்?" என்றார். 31 வயசு. அக்டோபரில் கல்யாணம். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்ற ஒரு வரி அவரைக் கிழவராக்கிவிட்டது. மேலே சொன்ன 98 பேர் கதையை அவருக்குச் சொன்னேன். சாம்பார் சாதத்தை முடித்தார்.

அப்படியானால் வலி எதனால்? 1991-ல் ஒரு அமெரிக்க டாக்டர் கோஷ்டி, நோயாளி விழித்திருக்கும்போதே, மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு முதுகு ஆபரேஷன் செய்தது. நல்ல நரம்பு வேரைத் தொட்டால் வலி இல்லை. வீங்கிச் சிவந்த வேரைத் தொட்டால் மட்டும் காலில் அதே பழைய வலி. அடுத்து 1993-ல் ஸ்வீடன்காரர்கள், பன்றியின் டிஸ்க் ஜெல்லியை எடுத்து அதன் நரம்பின் மேலேயே சும்மா வைத்தார்கள். அழுத்தவே இல்லை. நரம்பின் வேகம் குறைந்துவிட்டது! கொழுப்பை வைத்தபோது அப்படி ஆகவில்லை.

ஆக, ஜெல்லியே ஒரு கெமிக்கல் பார்ட்டி. டி.என்.எஃப். போன்ற ரசாயனங்கள் நரம்பைச் சூடாக்குகின்றன. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். அழற்சியில் இருக்கிற நரம்பை அழுத்தினால்தான் ரகளை. 'அப்ப டி.என்.எஃப்.பை அடக்கினா போச்சு' என்று ஃபின்லாந்தில் அதற்கான மருந்தையே ஏற்றிப் பார்த்தார்கள். வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றினவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். விஞ்ஞானம் இப்படித்தான் அவ்வப்போது மூக்கில் குத்தும்.

தமாஷ் என்னவென்றால், வலி தருகிற அதே அழற்சிதான் துப்புரவு வேலையும் பார்க்கிறது. வெள்ளையணு வகையறாக்கள் வந்து, பிதுங்கினதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. ஸ்கேனில் பயங்கரமாகத் தெரிகிற, முழுசாக வெளியே வந்துவிட்ட பெரிய துண்டுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகிறது. முக்கால்வாசிப் பேர் கத்தி படாமலே சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம்; முடிந்த அளவு நடக்கலாம்.

ஆனால் ஒன்றுக்குப் போக முடியவில்லை, உட்காருகிற இடம் மரத்துவிட்டது, பாதத்தைத் தூக்க வரவில்லை — இதில் எது நடந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. லீவ் லெட்டரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.