வெறும் கமாதானே என்று சொல்லாதீர்கள்!

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர், வாரக் கூலிக் கணக்குக்கு எக்ஸெல் மேக்ரோ எழுதி வாங்கியிருந்தார். போன சனிக்கிழமை, ஷீட் காட்டிய மொத்தத்தைப் பார்த்துப் பணம் எடுத்து வந்தார். பட்டுவாடாவில் பணம் பத்தவில்லை. கடைசியில் நின்றவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். மேக்ரோ எழுதிய பையனும் என்னிடம் படித்தவன்தான். கேட்டால், "ரூபாய் ஃபார்மட் சிக்கல்தானுங்க சார், சின்ன விஷயம்" என்கிறான்.

சின்ன விஷயமா கண்ணு? ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் உலை வைக்க வேண்டிய காசு அது.

நடந்தது இதுதான். முன்பணம் பிடித்த நான்கு பேருக்கு மட்டும், மேக்ரோ ஃபார்மட் ஃபங்ஷனைப் போட்டு, தொகைக்கு முன்னால் 'ஆர்எஸ்' என்று ஒட்டி எழுதியது. அந்த நொடியே எண் எழுத்தாகிவிட்டது. செல்லில் இருக்கும் எழுத்தை 'சம்' கூட்டாது. பிழை என்றும் சொல்லாது; சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

"லட்சக் கமா வரவில்லை, அதனால்தான் எழுத்தாக மாற்றினோம்" என்று சிலர் வாதாடுகிறீர்கள். உண்மைதான், ஒரு கம்ப்யூட்டரில் 12,34,567 என்று தெரிவது இன்னொன்றில் 1,234,567 ஆகும். விண்டோஸ் ரீஜியன் அமைப்பு மாறுவதுதான் காரணம். அதற்காக எண்ணையே கெடுப்பதா? செல்லில் வெறும் எண்ணை எழுதுங்கள். தோற்றத்தை நம்பர்ஃபார்மட்டில் மட்டும் கொடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

எந்தக் கம்ப்யூட்டரிலும் லட்சம், கோடி சரியாக விழும். கழித்தல் தொகைக்கு மட்டும் இது போதாது. அதற்குத் தனியாக எழுத வேண்டும். ₹ குறி மேக்ரோவில் கேள்விக்குறியானால் சிஎச்ஆர்டபிள்யூ(8377) போடுங்கள். ஏற்கெனவே எழுத்தான செல்லுக்கு ஃபார்மட்டை மாற்றினால் மட்டும் எண்ணாகாது; தொகையைத் திரும்ப எழுத வேண்டும்.

இன்னொன்று. பட்டுவாடாவுக்கு முன்னால் கூலிப் பத்தியில் கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டையும் போட்டுப் பாருங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும். பின்னது நிரம்பிய செல்களை எல்லாம் எண்ணும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மொத்தத்தை நம்பாதீர்கள்.

விடையைச் சரிபார்க்காமல் பேப்பரைக் கொடுத்தால் அன்று உங்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இன்று அடுத்தவருக்குக் கூலி குறைகிறது. பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடாதீர்கள் சாமிகளா.