கல் வைத்து நிறுத்தும் கார்

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளும் யாரோ கூடை கூடையாக அள்ளிக் கொட்டிய மாதிரி பாறைகள். அதனால்தானோ என்னவோ, ஹேண்ட்பிரேக் வேலை செய்யாத கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கவலையே இல்லை. வண்டியை நிறுத்தினோமா, இறங்கினோமா, கைக்கு எட்டிய கல்லைப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தோமா, முடிந்தது. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது. (இருட்டில் பின்னால் வரும் பைக்காரரைக் கேட்டால் சொல்வார்!)

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். கோட்டைக்கு வெளியூர் கார்கள் வருகின்றன. அமாவாசை என்றால் மேல்மலையனூர் கூட்டம், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கூட்டம். நிறுத்திய கார்களுக்கு நடுவில் பாய் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிடுகிற குடும்பங்கள், பம்பரைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிற குழந்தைகள். அங்கே ஒரு கார் நான்கு அடி உருண்டால் போதும். ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு வழியிலோ உறுதி செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-ஆம் பிரிவே சொல்கிறது. கல்லும் "வேறு வழி"தானே என்று வாதாடலாம். பக்கத்து வீட்டுப் பையன் அதை எடுத்து மாங்காய் அடிக்கும் வரை அது சரிதான்.

சரி, கேபிளை மாற்றியே தீர வேண்டும். யார் மாற்றுவது? "நாலு நட்டு, ரெண்டு கம்பி, இதுக்குப் போய் மெக்கானிக்குக்கு எதுக்குக் கூலி?" என்பது ஒரு கட்சி. இணையத்தில் வீடியோ பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிதான்.

கேபிள் என்பது உண்மையிலேயே எளிமையான பொருள். 1896-ல் பிரிட்டனில் எர்னஸ்ட் பவுடன் காப்புரிமை வாங்கிய அதே உத்தி. வெளியே ஒரு உறை, உள்ளே ஒரு இரும்புக் கம்பி. சைக்கிள் பிரேக்கிலும் இருப்பது அதுதான். லீவரை இழுத்தால் கம்பி இழுபட்டு, பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரிக்கும். உறை கிழிந்து மழைத்தண்ணீர் புகுந்தால் கம்பி துருப்பிடித்து இறுகும், அல்லது அறுந்து போகும். கால் பிரேக் ஆயிலில் ஓடுவது, இது வெறும் கம்பியில் ஓடுவது. ஆயில் ஒழுகிக் கால் பிரேக் கைவிட்டால் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எளிமையான பொருளை மாற்றுவதும் எளிமையாகத்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் கோளாறு. பின் சக்கரம் இரண்டையும் தூக்க வேண்டும். வேலை செய்யும்போது ஹேண்ட்பிரேக் இருக்காது (அதைத்தானே கழற்றுகிறோம்!). ஆக, வண்டியை நிறுத்தி வைப்பது முன் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையும் கியரும்தான். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே, அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் இல்லாதவர்கள் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைத்து உள்ளே நுழைகிறார்கள். அது வெடித்து நொறுங்கினால் கேபிள் விலையா பெரிய விஷயம்? சில மாடல்களில் டிரம்மைக் கழற்றவே புல்லர் வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும் தூசியை "ஃபூ" என்று ஊதுகிறவர்களும் உண்டு. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் அல்ல.

கணக்கையும் பார்த்துவிடலாம். மாதிரிக்கு இரண்டு கேபிளும் சேர்த்து 1500 ரூபாய், கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகச் செய்தால் மிச்சம் 800. ஆனால் ஸ்டாண்ட், ஸ்பிரிங் கழற்றும் பிளையர் எல்லாம் வாங்க வேண்டும். பல வருடங்களுக்கு ஒரு முறை வரும் வேலைக்கு அந்த முதலீடு எப்போது திரும்பும்? இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வேறு வேறு நீளம் உள்ள மாடல்கள் உண்டு. தப்பான கேபிளை வாங்கிவிட்டால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ இன்னொரு பஸ் பயணம், அதற்குள் வண்டி ஒற்றைக்காலில் நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போடவே இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் கேபிள்தான் குற்றவாளி என்று யார் சொன்னது? ஷூ தேய்ந்திருக்கலாம். வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ ஆயிலில் ஊறியிருக்கலாம். டிரம்மைத் திறந்து பார்த்த அடுத்த நிமிடம் ஒரு நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார். வீடியோவில் வருபவர் அவருடைய காரைப் பார்த்துத்தான் பேசுகிறார், உங்கள் காரைப் பார்த்து அல்ல.

ஆனால் கட்சி மாறி மெக்கானிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்வதும் சரியில்லை. லீவருக்குக் கீழே உள்ள நட்டை ரெண்டு சுற்று இறுக்கி "சரியாயிடுச்சு சார்" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஷூ எப்போதும் டிரம்மை உரசும், சக்கரம் சுடும், மைலேஜ் குறையும். எனவே பக்கத்தில் நின்று பார்ப்பதும், கழற்றிய பழைய கேபிளைக் கையில் கேட்டு வாங்குவதும் தப்பில்லை. ஒரு பக்கம் அறுந்திருந்தால் இரண்டையும் மாற்றுவதே லாபம். கழற்றும் கூலி பெரும்பாலும் ஒன்றுதான், அதை இரண்டு தடவை கொடுப்பானேன்?

நம்மவர்களிடம் ஒரு வினோதம். உதிரிபாகக் கடையில் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட விலையை அப்படியே கொடுப்பார்கள். கிரீஸ் கையோடு நிற்கிறவரிடம் மட்டும் "அம்பது ரூபா குறைச்சுக்கப்பா" என்பார்கள். கம்பிக்கு விலை உண்டாம், அதை மாட்டத் தெரிந்த கைக்குக் கிடையாதாம்! அந்த 50 ரூபாய்க்காக அவர் அடுத்த முறை டிரம்மைத் திறக்காமல் நட்டை மட்டும் இறுக்கி அனுப்பினால் யாரைக் குறை சொல்வது?

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன மேட்டில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலைப் பிரேக் பெடலுக்கு மேலேயே தயாராக வைத்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். எத்தனை 'டிக்'கில் பிடிக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அப்படியே திரும்ப ஷெட்டுக்கு.