அடுப்புக்கும் ஒரு நாள் விடுமுறை

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று பெங்களூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்! மார்கழி விடியலில் வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கியதுமே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக் கொள்ளும் ஜனங்கள் நாம். வருஷத்தில் பத்து மாதம் வியர்வையைத் துடைத்துக் கொண்டே நடக்கிற ஊரில், துடைக்காமல் நடக்கக் கிடைக்கும் சில வாரங்கள் இவை. குடும்பத்தோடு ஒரு நாள் ஊரைச் சுற்றி வர இதைவிட நல்ல சமயம் கிடையாது.

ஆனால் அந்த ஒரு நாளை நாம் எப்படித் திட்டமிடுகிறோம்? அதில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. முதல் குற்றவாளி நானே என்பதால், என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு இடம், ஒரு நாள்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பட்டியல் போட்டேன். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கிண்டி பாம்புப் பண்ணை, எழும்பூர் மியூசியம், மெரீனா, மாலையில் ஒரு கச்சேரி, திரும்பும் வழியில் தியாகராய நகரில் கொஞ்சம் ஜவுளி. வண்டலூர் ஒன்றே 602 ஹெக்டேர் என்பதோ, அதற்கே ஒரு பகல் போதாது என்பதோ எனக்குத் தோன்றவில்லை. ஒரே நாளில் ஆறு இடம்! அதுதான் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினோம். "பாட்டி, இன்றைக்கு நாம் என்னவெல்லாம் பார்த்தோம்?" என்று பையன் கேட்டான். "சிக்னல் பார்த்தோம் கண்ணா, நிறைய சிக்னல்" என்றார் என் தாயார்.

நான் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டு போன அடுக்குகளை என் மனைவி தேய்த்துக் கொண்டிருந்தாள். "உங்களுக்கெல்லாம் லீவு. எனக்கு மட்டும் காலை நாலு மணிக்கே ஷிப்டு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்றது.

அந்தப் பக்கம் திரும்பினால், தாயார் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கிறார். "ஏம்மா, பையில் பாட்டில் இருந்ததே, வழியில் குடித்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"குடித்தால் ஒதுங்க இடம் வேண்டாமாடா?" என்றார்.

காலையிலிருந்து இரவு வரை அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஆறு இடம் எழுதிய என் காகிதத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு இடம் இருக்கவில்லை.

யாருக்கு விடுமுறை?

என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல இது. "குடும்பத்தோடு ஜாலியாக ஒரு நாள்" என்று நாம் சொல்லும்போது, அந்தக் குடும்பத்தில் இல்லத்தரசி சேர்த்தியா, இல்லையா? அவள் வீட்டுச் சமையலறையைத் தூக்கிக் கொண்டு ஊர் சுற்றுகிறாள். வயதானவர்கள் தாகத்தையும் முழங்கால் வலியையும் வெளியில் சொல்லாமல் சுமந்து வருகிறார்கள். களிப்பவர்கள் சிலர், உழைப்பவர் ஒருவர் என்றால் அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர் வைப்பது நியாயமா?

ஆகவே என் அபிப்பிராயம் இது. திட்டத்தை ஊரிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டிலிருந்து தொடங்குங்கள். அன்று அடுப்பு எரியக் கூடாது என்பது முதல் விதி. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைதான் அன்றைய வேகம் என்பது இரண்டாவது விதி. ஒரு பேட்டையை விட்டு வெகுதூரம் போகக் கூடாது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் வைத்துக் கொண்டு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கிளம்பினோம். அந்த வழியைச் சொல்கிறேன். பிடித்தால் நீங்களும் போய் வாருங்கள்.

மயிலையில் தொடங்குங்கள்

டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை ஆகிறது. அதற்கு முன்பே மயிலாப்பூர் மாட வீதிக்கு வந்துவிடுங்கள். வாசல்தோறும் கோலம், சாணி உருண்டையில் பூசணிப் பூ இன்னும் சில வாசல்களில் சிரிக்கிறது. பாபநாசம் சிவன் அந்நாளில் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை இன்றும் இந்த வீதிகளைச் சுற்றி வருகிறது. காலில் செருப்பில்லாமல் ஜாலராவோடு நடக்கும் கூட்டத்தின் பின்னால் பத்து வீடு நடந்தாலே போதும், மனசுக்குள் ஒரு குளிர்ச்சி ஏறிவிடும். கபாலீசுவரர் கோயிலில் தரிசனம், பிறகு பக்கத்து ஓட்டலில் பொங்கலும் காப்பியும். வேறு ஒருவர் கலந்து கொடுத்த காப்பியை, ஆறுவதற்கு முன்னால், உட்கார்ந்த இடத்தில் என் மனைவி குடித்ததை அன்றுதான் நான் கவனித்துப் பார்த்தேன்.

அங்கிருந்து திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் நடக்கும் தூரம். இரண்டாவது நிலையம் கலங்கரை விளக்கம். பிள்ளைகளுக்கு இந்த ரயிலே ஒரு வேடிக்கைதான். இறங்கி மெதுவாகக் கடற்கரைக்குப் போகலாம். 1977-ல் திறந்த கலங்கரை விளக்கத்தில் லிப்ட் இருப்பதால் பாட்டிமார்களும் ஏறலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. மேலிருந்து பார்த்தால் கடலும், சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரமும், தென்னைகளுக்கு நடுவே மயிலாப்பூரும் தெரியும். கிறிஸ்துமஸ் நாட்களானால் பேராலயத்தில் குடிலையும் பார்த்து வரலாம்.

மெரீனாவுக்கு எல்லோரும் மாலையில் போகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மாதத்தில் காலைதான் சிறந்தது. நம் கடலில் சூரியன் உதிக்கிறதே தவிர மறைவதில்லை. மாலையில் ஆறு மணிக்குள் இருட்டியும் விடுகிறது. 1968 ஜனவரியில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பிய சிலைகள் வரிசையாக நிற்கின்றன. வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி என்று யார் யாரென்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். எதிரில் வட்ட முகப்போடு நிற்கும் ஐஸ்ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் இங்கேதான். சென்னை வெயிலுக்குப் பனிக்கட்டி கப்பலேறி வந்த கதையை என் பையன் இன்றுவரை மறக்கவில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அலையில் கால் நனைக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம். இழுப்பு பொல்லாதது.

இலையும் இசையும்

நடுப்பகலுக்குச் சபா உணவுக்கூடம். டிசம்பரில் 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று விழாக் காலத்தில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. வளர்ந்து வரும் இளம் வித்துவான்கள் பாடுவார்கள்; கேட்க நாலு பேர் வந்தால் அவர்களுக்கும் உற்சாகம். உணவுக்கூடத்துக்கோ சங்கீத ஞானம் அவசியமே இல்லை! இலை போட்டு யாரோ பரிமாற, என் மனைவி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினாள். பையன் கச்சேரியில் என் மடியில் தூங்கினான். தாயார் தாளம் போட்டார். ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தோம்.

செலவு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும்தான். ஆனால் அன்று ஜவுளிக்கடைப் பக்கம் போகவில்லை, ஆட்டோக்களுக்கு அழவில்லை. 2021 மே மாதம் தொடங்கிய திட்டத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அப்படியும் கை இடித்தால், கட்டுச்சோறே கட்டுங்கள், தவறில்லை. ஆனால் அன்று புளி கரைப்பது ஐயாவின் கையாகவும், பாத்திரம் தேய்ப்பது பிள்ளைகளின் கையாகவும் இருக்கட்டும்.

வானத்தையும் ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2016 வர்தா புயலையும், 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட ஊர் இது. மூன்றுமே டிசம்பரின் முதல் பாதியில் வந்தவை. வானிலை அறிக்கையைப் பார்த்து, மார்கழி பிறந்த பிறகு நாள் குறிப்பது நல்லது. எழும்பூர் மியூசியம் எங்கும் ஓடிவிடாது. திருவாலங்காட்டு நடராஜரை நிதானமாகப் பார்க்க வேறொரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. கடற்கரைக்கு அலங்கார விளக்கு போடுவது சந்தோஷந்தான். அதற்கு முன்னால், நூறு கஜத்துக்கு ஒன்றாகப் பெண்கள் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய சுத்தமான கழிப்பறையும், அதில் தண்ணீரும் வேண்டும். அது இல்லாத வரையில், இந்த ஊரின் பாதி ஜனத்தொகைக்கு ஊர் சுற்றுவது தாகத்தோடு இருக்கும் விரதம்தான்.

அன்று சபாவில் தாயார் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு டம்ளர் கேட்டார். அந்த நாள் நன்றாகக் கழிந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இந்த வாரம் திட்டம் போடும்போது, எந்த இடம் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே இல்லாதவர் யார் என்று கேளுங்கள். காகிதத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுங்கள்.