அட்டையில் 18 என்று போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா?

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போனால், பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்குவதற்குள் நாலு பக்கமாவது புரட்டிப் பார்க்கிறோம். ‘ஏ’ சான்றிதழ் படத்துக்குப் பத்து வயதுப் பையனைக் கூட்டிப்போக மாட்டோம். அதே பையன் அடம்பிடித்தால் ‘ஜிடிஏ 5’ மட்டும் எப்படி வீட்டுக்குள் வந்துவிடுகிறது?

2013-இல் வந்த கேம் அது. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18-க்கு மேல் என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்றார்கள். ஒருவனை நாற்காலியில் கட்டிப்போட்டு, பல்லைப் பிடுங்கி, மின்சாரம் பாய்ச்சும் கட்டம் அதில் இருக்கிறது. நம் பிள்ளை அதை வேடிக்கை பார்ப்பதில்லை. பட்டனை அழுத்தி அவனே செய்கிறான். பெரியவர்களுக்காகப் பெரியவர்கள் உருவாக்கியது. பெரியவர்கள் ஆடட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேம் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று நாம் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தடை நம்மைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேமைத் தடை செய்தபோது அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் திருட்டும். துப்பாக்கிச் சூடு அல்ல. தடைக்குப் பிறகும் அதை ஆடிக்காட்டி, காது கூசும் வசவுகளோடு யூடியூபில் ஒளிபரப்பிய மதன் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அவருடைய ஒரு சேனலின் பெயரே ‘டாக்ஸிக் மதன் 18+’. கைதாவதற்கு முன் அவருக்காக முன்ஜாமீன் கேட்டு வந்த வழக்கறிஞரிடம், அந்தப் பேச்சை முதலில் நீங்களே கேட்டுவிட்டு வாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பக்கத்து அறையில்தானே நாம் இருந்தோம்? பிள்ளை ஹெட்போன் மாட்டியிருந்தான், தொந்தரவு இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

கேம் ஆடுகிற பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்று பயமுறுத்த நான் வரவில்லை. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொல்லிவிட்டது. ஆனால் கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவிலாவது தொடர்பு இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. அந்தக் கத்தல் நம் வீடுகளில் கேட்காததா?

2023-இல் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அப்பாவின் போனில் அப்பாவின் கணக்கில் ஆடும் பிள்ளையை எந்த வரம்பு கண்டுபிடிக்கும்? ஓடிபி வந்தால் எதற்கென்று கேட்காமல் படித்துச் சொல்வதும் நாம்தான்.

அப்பாக்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. ராத்திரி ஹாலில் பெரிய டிவியில் நீங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது சோபா ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறானே, அவனை அனுப்பிவிட்டு ஆடுங்கள். அல்லது அவன் தூங்கிய பிறகு ஆடுங்கள். அம்மாக்களே, சாப்பாடு இறங்க வேண்டும் என்று போனை நீட்டும் முன் அதில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். இன்றைக்கே அவன் போனை வாங்கி, ஒவ்வொரு கேமுக்கும் பிளே ஸ்டோரில் என்ன வயது போட்டிருக்கிறது என்று அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அவன் வயதுக்கு மீறியதை அவன் முன்னாலேயே நீக்குங்கள். அழுவான். அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.