கவாத்தை நிறுத்தலாமா?

தென்காசி மாவட்ட வாசகர் ஒருவர் பன்னிரண்டு வயது எலுமிச்சைத் தோப்பை விலைக்கு வாங்கியிருக்கிறார். ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ நூலைப் படித்ததிலிருந்து, உழவையும் கவாத்தையும் அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

அந்த நூலை எழுதிய மசானபு ஃபுகோகாவே இதைச் செய்து, மரங்களைப் பறிகொடுத்தவர். 1938-ல், 25 வயதில், யோகோஹாமா சுங்கத் துறை வேலையை உதறிவிட்டு ஷிகோகு தீவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பினார். அப்பா ஒப்படைத்த ஆரஞ்சுத் தோப்பு நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது. கிண்ணம் போல விரியும்படி வெட்டிப் பழக்கிய மரங்கள். மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சும்மா விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பூச்சி இறங்கியது. தோப்பு பட்டுப்போனது. பிறகு கோச்சி மாகாண (கேரளத்துக் கொச்சி அல்ல) ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி, நோய்ப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, போர் முடிந்த பிறகுதான் மறுபடி நிலத்துக்கு வந்தார்.

பட்டுப்போன மரங்கள் அவருக்குக் காட்டியது இதுதான்: கைவிடுவது வேறு, இயற்கையாக வளர்ப்பது வேறு. கன்றிலிருந்தே கத்தி படாமல் வளர்ந்த மரத்துக்குத்தான் கவாத்து தேவைப்படாது. வெட்டிப் பழகிய மரம் தன் வடிவத்தை இழந்துவிட்டிருக்கும். நூலைப் படிப்பவர்கள் பலர் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்!

ஆகவே வாசகரின் தோப்பில் காய்ந்த குச்சி, சொறி நோய் தாக்கிய கிளை, நேராகக் கிளம்பும் போத்து இவற்றையெல்லாம் எடுக்கத்தான் வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். ஆசைக்கு ஓரமாக ஐந்தாறு மரங்களை மட்டும் வெட்டாமல் விட்டு, இரண்டு மூன்று வருஷம் கவனிக்கலாம். அந்த மண்ணுக்கு எது சரி என்பது அங்கே தெரிந்துவிடும்.

உழவை நிறுத்துவது நல்லதே. எலுமிச்சையின் உணவு வேர்கள் மேலாகவே ஓடுபவை. கலப்பை அவற்றை அறுத்துவிடும். ஆனால், ஃபுகோகா விதைத்த வெள்ளை குளோவர் தென்காசி வெயிலுக்குத் தாங்காது. ஷிகோகுவில் கோடையில்தான் மழை கொட்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். அந்த ஈரத்தில் தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, பூக்கும் தருணத்தில் அறுத்து மூடாக்காகப் போடலாம். மாட்டுக்கே வைக்கோல் போதாத இடத்தில் அதை விலைக்கு வாங்கிப் பரப்ப வேண்டியதில்லை. மூடாக்கைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளியே போட வேண்டும். ஒட்டிப் போட்டால் ஈரம் தங்கி, பட்டை அழுகிப் பிசின் வடியும்.