கருவிலிருக்கும் பிள்ளைக்கு நீதி எப்போது?

தகப்பன் இறந்த பின்னர் பிறக்கும் பிள்ளைக்கும் தகப்பனின் சொத்தில் பங்குண்டு. கருவிலுள்ள சிசுவுக்கு நன்மை விளையுமாயின், அதனைப் பிறந்துவிட்டதாகவே கொள்ளவேண்டும் என்பது இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. காணிக்கும் பணத்துக்கும் இத்துணைக் காவல் செய்யும் சட்டம், அப்பிள்ளையின் மூளைக்கு என்ன காவல் செய்கிறது? அமெரிக்காவில் குளோர்பைரிபோஸ் என்னும் கிருமிநாசினியின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. அவ்விடை மகிழத்தக்கதன்று.

1965இல் சந்தைக்கு வந்த இந்நஞ்சு, பூச்சியின் நரம்புகள் இயங்குவதற்கு இன்றியமையாத நொதியம் ஒன்றை முடக்கிக் கொல்கிறது. அதே நொதியம் மனித உடலிலும் உண்டு. தாயின் இரத்தத்தில் கலந்த நஞ்சு நச்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடைகிறது. நியூயோர்க் நகரின் ஏழைக் குடியிருப்புக்களில் கரப்பான் பூச்சிக்கு இதனை அடித்தார்கள். அங்கு வாழ்ந்த கறுப்பின, டொமினிக்கன் தாய்மாரின் பிள்ளைகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தனர். கருவில் கூடுதலாக நஞ்சேறிய பிள்ளைகள் மூன்று வயதில் வளர்ச்சியிற் பின்தங்கினர், கவனம் சிதறினர். ஏழு வயதில் 265 பிள்ளைகளைச் சோதித்தபோது, நஞ்சின் அளவு கூடக்கூட நினைவாற்றலும் நுண்ணறிவும் குறைந்திருந்தமை 2011இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே, கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடை நடந்த ஆய்வு, இவ்வின நஞ்சுகள் மிகுதியாக ஏறிய தாய்மாரின் பிள்ளைகள் மிகக் குறைவாக ஏறியோரின் பிள்ளைகளைவிட நுண்ணறிவில் சராசரி 7 புள்ளிகள் தாழ்ந்திருந்ததைக் காட்டியது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? இல்லை. 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம், உணவிற் படியும் நஞ்சினால் தீங்கு நேராது என்ற நியாயமான நிச்சயம் வேண்டும் என்றது; குழந்தைகளுக்கெனத் தனிக் காப்பும் விதித்தது. வீடுகளில் இதனைப் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. நகரத்துப் பிள்ளைக்கு ஆகாத நஞ்சு தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வாறு ஆகும்? வயல்களில் அது தொடர்ந்தது. 2007இல் முழுத்தடை கோரி மனுக் கொடுக்கப்பட்டது. 2015இல் தடுக்கப்போவதாகச் சொன்ன அரசு, 2017இல் ஆட்சி மாறியதும் மறுத்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இத்தாமதத்தை வன்மையாகக் கண்டித்துக் கட்டளையிட்ட பின்னரே தடை பிறந்தது. மனுவுக்கும் தடைக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்! 2023இல் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையையும் நீக்கியது.

வறுமையும் தாயின் கல்வியும் பிள்ளையின் படிப்பைப் பாதிக்குமே, நஞ்சை மாத்திரம் குற்றஞ்சாட்டலாமா என்று கேட்பார் உளர். ஆய்வாளர் அவற்றையும் கணக்கிற் கொண்டனர் என்பது ஒரு பதில். சட்டம் பயின்றோர் அறிந்த மற்றொரு பதிலும் உண்டு. இன்ன பிள்ளையின் குறைக்கு இன்ன நஞ்சே காரணம் என எண்பிக்கும் சுமை, நட்டஈடு கோருவோருக்கு உரியது. விற்பனைக்கு அனுமதி கோருபவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனல்லன்; ஐயத்தின் பயனை அவன் கேட்க முடியாது. அப்பயன் பிள்ளைக்கே உரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் இந்நஞ்சுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததும் இந்நெறியிலேயே. 2025இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் இதனை ஒழிக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலிற் சேர்த்தன. ஆனால் விதிவிலக்குகளும் வைத்தன.

நாம் இவற்றைத் தூரத்துக் கதையாகக் கொள்ளலாகாது. நம் கமக்காரர் கிருமிநாசினியை “மருந்து” என்றே அழைக்கின்றனர். அது தெளித்த தோட்டத்திற் களை பிடுங்குவோரில் கருவுற்ற தாய்மாரும் உளர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் நம்மிடமும் இருக்கிறது. அதன்கீழ் அனுமதி கோரும் ஒவ்வொரு நஞ்சும் கருவிலுள்ள சிசுவின் மூளைக்குத் தீங்கற்றது என்பதை விற்பவனே எண்பிக்க வேண்டும். அச்சான்றுகள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

பாடம் ஏறாத பிள்ளையை “மக்கு” என்று வகுப்பின் பின்வாங்கிலில் இருத்துகிறோம். அப்பிள்ளை பிறக்குமுன்பே அதன் முதுசத்தைக் களவாடியவர் எவர் என்று ஒருமுறையேனும் கேட்டோமா?