எட்டு இலக்கத்துள் மறையும் வரி: சுங்க வகைப்படுத்தலும் இரத்தோட்டை மிளகும்

1848ஆம் ஆண்டில் மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தமைக்கு உடனடிக் காரணமாக அமைந்தவை தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி விதித்த புதிய வரிகளாகும். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி அமைப்பதற்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கீடான பணம் என அவை பல்கின. எழுச்சி அடக்கப்பட்டது, புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும், கொடியனவாகிய அவ்வரிகளுக்கும் ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது. எப்பொருளுக்கு வரி என்பதை வரி கொடுத்தவன் அறிந்திருந்தான். அறிந்திருந்தமையாலேயே அவனால் எதிர்க்கவும் முடிந்தது.

அதே மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த இரத்தோட்டையின் இன்றைய மிளகுச் செய்கையாளனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவன் செலுத்தும் வரிகளுள் ஒன்று, அவன் கண்டிராத நூலொன்றில், அவன் கேட்டிராத எட்டு இலக்க எண்ணொன்றினுள் மறைந்து கிடக்கிறது. இறக்குமதி செய்யப்படும் பொறிகளையும் அவற்றின் பாகங்களையும் சுங்கம் எவ்வாறு வகைப்படுத்துகின்றது என்னும் வினா, கொழும்புத் துறைமுகத்து எழுதுவினைஞரின் வினா மட்டுமன்று. மலைச்சாரலிலே ஒரு பட்டறை வாழுமா, மாளுமா என்பதைத் தீர்மானிக்கும் வினா அதுவாகும்.

பிரசெல்ஸ் நகரில் 1983இல் உருவாகி, 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘இசைவாக்கப்பட்ட முறைமை’யே இன்று உலக வாணிபத்தின் பொது அகராதி. பொருள்கள் யாவும் அதிலே 21 பிரிவுகளாகவும் 97 எண்ணிட்ட அத்தியாயங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன. முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்குப் பொதுவானவை. எஞ்சிய இரண்டை இலங்கை தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. எண் எதுவோ அதற்கேற்பவே சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, பெறுமதி சேர் வரி என்பன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. 2022 ஒக்டோபரிலே சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் அவற்றோடு சேர்ந்தது. வரி மட்டுமன்றித் தடையும் எண்ணின் வழியதே. 2022 ஓகஸ்டில், அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, முன்னூறுக்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட வேளையிலும் அத்தடையின் எல்லையை வரைந்தவை இவ்வெண்களே.

இனி, இரத்தோட்டையின் தேவை யாதெனப் பார்த்தல் வேண்டும். சிங்களக் கிராமத்தவர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரது வாழ்வும் கலந்த அவ்வூரின் செல்வம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் தேயிலையுமாகும். மிளகைப் பறித்தபின் சரத்திலிருந்து மணியைப் பிரித்தல் வேண்டும். பிரித்த மணியைக் காயவைத்தல் வேண்டும். மூன்று இறாத்தல் பச்சை மிளகு காய்ந்து ஏறக்குறைய ஓர் இறாத்தலாகின்றது. மலையடிவாரத்து மழை, முற்றத்துப் பாயில் விரித்த மிளகைக் காயவிடுவதில்லை. பூஞ்சணம் பிடித்தால் விலை வீழ்கின்றது. எனவே உலர்த்தி என்பது அங்கு ஆடம்பரமன்று; உழைப்பின் பயனைக் காக்கும் கருவி.

இவ்வுலர்த்தியைப் பெறுதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, வெளிநாட்டிலிருந்து முழுப் பொறியாக இறக்குவது. விவசாய விளைபொருள்களை உலர்த்தும் பொறி 8419 என்னும் தலைப்பின்கீழ்த் தன் பெயராலேயே இடம்பெறுகின்றது. இரண்டாவது, மாத்தளையிலோ இரத்தோட்டையிலோ உள்ள பட்டறையொன்று அதனைச் செய்துகொடுப்பது. அப்பட்டறையின் நிலையைக் கருதுக. உடலையும் அடுப்பையும் அது தானே ஒட்டிப் பொருத்திவிடும். காற்றூதியோ 8414இல் அடங்கும், மின்மோட்டார் 8501இல், போதிகை எனப் பாடநூலும் பெயாரிங் எனப் பட்டறையும் வழங்கும் உறுப்பு 8482இல், கப்பியும் பற்சக்கரமும் 8483இல், இறப்பர்ப் பட்டி 4010இல், உருக்குக் கம்பிவலை 7314இல், ஆளி 8536இல், வெப்பத்தைச் சீராக்கும் கருவி 9032இல். உலர்த்தி ஒன்று, தலைப்புகளோ எட்டு!

இது தற்செயலன்று, விதியின் விளைவு. பொறிகளுக்குரிய பதினாறாம் பிரிவின் குறிப்பு, தனக்கெனத் தலைப்புடைய பாகம் எப்பொறிக்காக வந்தாலும் தன் தலைப்பிலேயே அடங்கும் என்கிறது. மறுபுறம், பொதுப் பொருள்கோடல் விதிகளுள் இரண்டாவது, கழற்றப்பட்ட நிலையில் ஒருங்கே கொண்டுவரப்படும் பொறியை முழுப் பொறியாகவே கொள்க என்கிறது. ஆகவே எல்லாப் பாகங்களையும் ஒரே கொள்கலத்தில் ஒரே நாளில் இறக்க வல்லவனுக்கு அவை உலர்த்தி. இம்மாதம் மோட்டாரும் அடுத்த மாதம் போதிகையுமாக வாங்கும் சிறு பட்டறைக்கோ அவை வெறும் மோட்டார், வெறும் போதிகை. பொருள் மாறவில்லை, வாங்குவோனின் பணப்பையே மாறியது.

விகிதங்கள் ஒத்திருப்பின் இதனால் தீங்கில்லை. ஆனால் முதலீட்டுப் பொறிகளுக்குத் தீர்வை விலக்கோ குறைப்போ வழங்குவதும், உருக்குப் பண்டம், வடம், ஆளி போன்றவற்றின்மீது தீர்வையும் செஸ்ஸும் ஏற்றுவதும் இலங்கையின் நெடுநாள் நடைமுறை. விளைவு யாது? முழுப் பொறியைச் செய்த அந்நியத் தொழிலாளியின் உழைப்பு வரியின்றி உள்ளே வருகின்றது. அதனை உள்நாட்டிற் செய்ய முனைபவனின் மூலப்பொருள் வரிசுமந்து வருகின்றது. 1977இன் பின் கைத்தறி நெசவாளர் கற்ற பாடத்தைப் பட்டறைத் தொழிலாளர் ஓசையின்றிக் கற்றுவருகின்றனர்.

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. வகைப்படுத்தல் ஓர் அறிவியல், அதில் அரசியலுக்கு இடமில்லை என்பது முதல் மறுப்பு. வரலாறு இதனை ஏற்கவில்லை. கணினிகளை இணைக்கும் வலைப்பின்னற் கருவிகள் கணினி வகையா, தொலைத்தொடர்பு வகையா என ஐக்கிய அமெரிக்காவும் ஐரோப்பிய சமுதாயமும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடின. 1998 பெப்ரவரியில் நடுவர் குழு அமெரிக்காவுக்குச் சார்பாக முடிவுசெய்தது. அதே ஆண்டு ஜூனில் மேன்முறையீட்டு மன்றம் அம்முடிவை மாற்றியது. கற்றறிந்த இரு மன்றங்கள் ஒரே வழக்கில் இருவேறு முடிவுக்கு வந்தமை மனங்கொள்ளத்தக்கது. இன்னுமொரு வழக்கு இதனினும் பொருத்தமானது. சீனம் முழு மோட்டார் வாகனத்துக்குச் சராசரியாக நூற்றுக்கு 25உம் பாகங்களுக்கு நூற்றுக்கு 10உம் தீர்வை விதித்திருந்தது. தன் நாட்டுப் பாக உற்பத்தியாளரைக் காக்கும் பொருட்டு, குறித்த அளவுக்கு மேற்பட்ட இறக்குமதிப் பாகங்களை வாகனமாகவே கணித்து 25ஐ அறவிட முற்பட்டது. 2008 டிசம்பரில் அது வழக்கில் தோற்றது. தோற்றாலும் ஓர் உண்மையை அந்நாடு உணர்ந்திருந்தது: பாகமா, முழுமையா என்னும் வினா அகராதி வினாவன்று, தொழிற்கொள்கை வினா.

இறக்குமதி செய்வோன் வணிகன், செய்கையாளனுக்கு இதில் என்ன என்பது இரண்டாம் மறுப்பு. வணிகன் எவ்வரியையும் தன் தலையிற் சுமப்பதில்லை. அது பட்டறைக்காரனின் விலைச்சீட்டிலும், பின்னர் செய்கையாளனின் கடனிலும், ஈற்றில் ஈர மிளகை அன்றே கிடைத்த விலைக்கு விற்கும் கட்டாயத்திலும் வந்து முடிகின்றது.

பாகங்களுக்குச் சலுகை வழங்கினால் உலர்த்தியின் பெயரால் வரும் மோட்டார் வேறெங்கோ ஓடும், திறைசேரிக்கு நட்டம் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே சிந்திக்கத்தக்கது. உலர்த்திக்கான மோட்டாரை நீரிறைப்பதற்கான மோட்டாரிலிருந்து எவராலும் வேறுபடுத்த இயலாது என்பதும் உண்மையே. ஆயின் இவ்வாதம் சலுகைக்கு எதிரானதேயன்றிச் சமவிகிதத்துக்கு எதிரானதன்று. முழுப் பொறிக்கும் அதன் முதன்மைப் பாகங்களுக்கும் விகிதம் ஒன்றேயாயின் ஏமாற்றுவதற்குக் காரணமே இல்லாது போகும். களவுக்கு வாயிலைத் திறப்பது விகித வேறுபாடே. அவ்வேறுபாட்டைக் காத்துக்கொண்டு களவைக் குறைகூறுதல் வேலியை முறித்துவிட்டு மாட்டை ஏசுவதற்கு ஒப்பாகும். திறைசேரிக்கு வருமானம் வேண்டுமாயின் அச்சமவிகிதத்தைச் சிறிது உயர்த்தியேனும் பெறலாம். பட்டறையை மட்டும் தனியே ஒறுக்க வேண்டியதில்லை.

மொழியும் ஈண்டு வினாவாகின்றது. இம்முறைமையின் சான்றுடைய மூலங்கள் ஆங்கிலமும் பிரெஞ்சுமே. பிணக்கு நேரும்போது வழக்கு ஆங்கிலச் சொல்லின் பொருளைப் பற்றியே நடைபெறுகின்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் தலைப்பு எது, பாகம் எது, முதன்மைத் தொழிற்பாடு எது எனத் தமிழில் வாதாடத்தக்க நூல் எங்கே? அரசகரும மொழித் திணைக்களம் ஒருகாலத்தில் துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அப்பணியின் தொடர்ச்சியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றிருத்தல் வேண்டும். காவியத்தின் ஒரு சொல்லுக்குப் பத்து உரை கண்ட தமிழ்ப் புலமை, பட்டறையின் ஒரு சொல்லுக்கு ஓர் உரையேனும் காணாதிருத்தல் பெருமைக்குரியதன்று.

வேண்டப்படுவன மூன்று. பொறிக்கும் அதன் முதன்மைப் பாகங்களுக்கும் ஒரே விகிதம். சுங்கத்தின் ஒவ்வொரு வகைப்படுத்தல் தீர்ப்பும் காரணங்களுடன் மும்மொழியிலும் வெளியிடப்படுதல். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, இறக்குமதிக்கு முன்பே எழுத்தில் தீர்ப்புக் கேட்கும் வழியை வகுத்துள்ளமையால் இது புதுமையுமன்று. மூன்றாவது, விகிதமாற்றத்துக்கு முன்னறிவித்தல். 1962ஆம் ஆண்டின் வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைச்சரின் கட்டளையொன்று பாராளுமன்றம் விவாதிக்குமுன்பே நடைமுறைக்கு வந்துவிடக்கூடிய நாட்டில், கடன்பட்டு மோட்டார் வாங்கியவன் ஒரே இரவில் நட்டமடைதல் இயல்பாகிவிடக்கூடாது.

1848இன் மாத்தளை மக்கள் தம்மீது விதிக்கப்பட்ட வரிகளின் பெயர்களை அறிந்திருந்தனர். அவர்தம் வழிவந்தோர் தம் வரியின் எண்ணையேனும் அறியும் உரிமை உடையர். எண்ணை அறிந்தபின் அதனை ஏற்பதும் எதிர்ப்பதும் அவர்களின் பாற்பட்டது; அறியச் செய்வது கற்றோரின் கடன்.